மும்பை மழையும் மரச் சாப்பாட்டு மேசையும்

மரச் சாப்பாட்டு மேசை கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான். மும்பையில் அது டம்ளரிலிருந்து சிந்துவதோடு நிற்பதில்லை, காற்றிலேயே கலந்திருக்கிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும் மழையில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்த மாதங்களில் மரம் காற்றின் ஈரத்தை இழுத்து உப்பும். குளிர்காலத்தில் ஈரத்தை விட்டுச் சுருங்கும். பலகையின் நீளம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், அகலம்தான் சில மில்லிமீட்டர் கூடிக் குறையும். தேர்ந்த தச்சர் மேல்பலகையைச் சட்டத்தோடு இறுக்கி ஆணி அடிக்காமல், அது அசைய இடம் விட்டுத் திருகு முடுக்குவது இதற்காகத்தான். அசைய வழியில்லாத பலகை எங்காவது வெடிக்கும்.

மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்றும் தேக்கு மேசைகளைப் பார்க்கலாம். 1863இல் பம்பாயில் தொடங்கப்பட்ட பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் போன்ற நிறுவனங்கள் பர்மாத் தேக்கை வணிகம் செய்த காலத்திலிருந்து அந்த மரத்துக்கு இந்த ஊரில் தனி மதிப்பு உண்டு. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை இருப்பதால் ஈரமும் கரையானும் அதை எளிதில் அண்டுவதில்லை. இப்போது கடைகளில் கிடைப்பவற்றில் பல ரப்பர் மரம், வினியர் என்னும் மெல்லிய மரத்தாள் ஒட்டிய பிளைவுட், மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். வகைகள். எம்.டி.எஃப். ஒருமுறை நீர் குடித்து உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. தாராவியின் சிறிய வீடுகளானாலும் செம்பூரின் இரண்டு அறை ஃபிளாட்டானாலும், இடநெருக்கடியில் சாப்பாட்டு மேசை சாப்பாட்டுக்கு மட்டும் என்று இருக்க முடியாது. காய் நறுக்குவது, வீட்டுப்பாடம் எழுதுவது, லேப்டாப் வைப்பது, துணி தேய்ப்பது எல்லாம் அதன்மேல்தான். ஆகவே மரத்தைவிட அதன் மேல்பூச்சைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அன்றாட அடி அத்தனையும் அதன்மேல்தான் விழுகிறது.

பழைய மேசைகளுக்குப் பிரெஞ்சு பாலிஷ் போட்டிருப்பார்கள். அரக்குப்பூச்சி சுரக்கும் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் பூசுவது அது. அழகில் அதற்கு இணையில்லை, ஆனால் சுமார் 75 டிகிரி சூட்டிலேயே இளகிவிடும். கைக்குத் தடவும் சானிடைசர் சிந்தினாலும் கரையும். மெலமைன், பியூ (பாலியூரித்தேன்) பூச்சுகள் இவற்றை அதிகம் தாங்கும். எந்தப் பூச்சு என்று தெரியாவிட்டால் மேசைக்கு அடியில் மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுப் பார்க்கலாம். விரலில் பிசுபிசுத்தால் அரக்கு. மேலே ஒரு துளி நீர் விட்டு, அது முத்தாக நிற்காமல் மரத்துக்குள் இறங்கினால் பூச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள்.

ஃபில்டர் காபி வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழுவது தமிழ் வீடுகளில் மிகவும் பழக்கமான காட்சி. எவர்சில்வர் டவரா சூட்டை உடனே கீழே கடத்துகிறது. சூடும் ஆவியும் சேர்ந்து ஈரத்தைப் பூச்சுக்குள் செலுத்துகின்றன. உள்ளே சிக்கிய ஈரம் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. மரம் இன்னும் கெடவில்லை. உலர்ந்த பருத்தித் துணியை விரித்து, மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரிப்பெட்டியைச் சில விநாடி மட்டும் வைத்து எடுத்தால் பல நேரம் மறைந்துவிடும். கறுப்பு வளையமானால் கதை வேறு. நீர் மரம்வரை போய்விட்டது. ஈர அரிவாள்மணையோ இரும்புச் சட்டியோ கிடந்த இடம் கறுப்பதற்கும், இரும்பு மரத்திலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளோடு சேர்வதே காரணம். அதைப் பாலிஷ்காரரிடம் விட்டுவிடுவதே நல்லது. குக்கரையும் குழம்புச் சட்டியையும் பொறுத்தவரை, பாட்டிமார் கையாண்ட பிரிமணையைவிடச் சிறந்த தடுப்பு இன்னும் வரவில்லை. அது சூட்டைத் தடுக்கும், அடியில் காற்றும் போகவிடும்.

மஞ்சள் கறையில்தான் பலரும் தவறான வழியில் போகிறார்கள். மஞ்சளின் நிறம் எண்ணெயில் கரையும். தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. எனவே சாம்பார் சிந்தியதும் ஒற்றி எடுத்து, துளி எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்த்த வேண்டும். சமையல் சோடா போட்டுத் தேய்த்தால் பூச்சு கீறும். சோடா காரம் என்பதால் கறை சிவக்கவும் செய்யும். ஆரத்தித் தட்டில் மஞ்சள்நீர் சுண்ணாம்பு பட்டுச் சிவப்பதும் இதே வேதியியல்தான். மிச்சக் கறை வெயில் படப்பட மங்கும்.

மேசையைக் காக்கவென்றே பலர் விரிக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் விரிப்பு, மும்பையில் காப்பதைவிடக் கெடுப்பதே அதிகம். அதை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் மெல்ல வெளியேறிப் பூச்சை இளக்கும்; விரிப்பு ஒட்டிக்கொள்ளும். ஓரத்தில் புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தங்க, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். துணி விரிப்பு மேல், நனைந்தால் எடுத்து உலர்த்தலாம். கண்ணாடிதான் வேண்டுமென்றால் அடியில் சிறு சிலிக்கான் பொட்டுகள் வைத்துக் காற்றுக்கு இடைவெளி விட வேண்டும்.

பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். அது உலராது, தூசியைப் பிடித்து நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். பூச்சு இல்லாத மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் ஏற்றது, அது உலர்ந்து இறுகும். ஆனால் அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போட வேண்டும்.

யாரும் பார்க்காத இடம் மேசைக் கால்களின் அடிப்பகுதி. தினமும் ஈரத்துணியால் தரை துடைக்கும் வீட்டில், அறுத்த முனை வழியாக மரம் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நைலான் புஷ் அடித்தால் போதும். தரையிலும் கீறல் விழாது.

மறுபடி பாலிஷ் போட அக்டோபர் கடைசிக்குமேல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். மழையில் போட்டால் ஸ்பிரிட் ஆவியாகும்போது காற்றின் ஈரம் படிந்து அரக்கு வெளுத்துவிடும். கெட்டி மரத்தைப் பலமுறை இழைத்துப் புதுப்பிக்கலாம். வினியரின் மேல்தாள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் உப்புத்தாளை அழுத்திப் போட்டால் அடியிலிருக்கும் பிளைவுட் தெரிந்துவிடும் என்பதைப் பாலிஷ்காரரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.