பள்ளி வாயிலில் எதைக் கழற்றி வைப்பது?



தொழுகைக்காகப் பள்ளிக்குச் செல்லும் நாம், வாயிற்படியில் காலணியைக் கழற்றி வைக்கிறோம். வேறெதனையும் கழற்றி வைப்பதில்லை. நம் பெயரும், நம் மொழியும், நம் பெற்றோர் கற்றுத் தந்த ஒழுக்கமும் நம்முடனேயே உள்ளே வருகின்றன. ஆனால் கல்வி தேடிப் பள்ளிக்கூடம் செல்லும் ஒரு குழந்தையை நோக்கி, "உன் வீட்டு மொழியை வெளியே வைத்துவிட்டு வா, உன் உணவையும் உடையையும் மார்க்கத்தையும் வெளியே வைத்துவிட்டு வா" என்று கூறினால், அப்பிள்ளையின் உள்ளம் என்ன பாடுபடும்? எந்த ஆசிரியரும் வாய்விட்டு அவ்வாறு கூறுவதில்லை என்பது உண்மையே. ஆயினும், அவருடைய ஒரு பார்வையும், தேர்வுத் தாளின் ஒரு கேள்வியும், பகலுணவுத் தட்டும் அதனைச் சொல்லாமற் சொல்லிவிடக் கூடும்.

இது கற்பனை அன்று. பிரிட்டனில் பல்லாயிரம் முஸ்லிம் பிள்ளைகள் கண்ட அனுபவமாகும். அந்நாடு தவறு செய்து, தவறை ஆராய்ந்து, ஓரளவு திருத்திக்கொண்ட வரலாறு, பிள்ளைகளைப் பெற்றோரும் ஆசிரியப் பணி புரிவோரும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றாகும்.

வந்தவர்களும் வரவேற்பும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பிரிட்டனில் உழைக்கும் கைகள் போதவில்லை. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்டிருந்த நாடுகளின் மக்கள் அங்குச் சென்று குடியேற வழி திறந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும், பஞ்சாப், குஜராத், மிர்பூர், சில்ஹெட் பகுதிகளிலிருந்தும் மக்கள் கப்பலேறினர். மங்களா அணை கட்டப்பட்டபோது நிலமிழந்த மிர்பூர் மக்கள் பலர் பிராட்ஃபோர்டு நகரின் ஆலைகளுக்குச் சென்றனர். சில ஆண்டுகள் பொருளீட்டித் திரும்பிவிடலாம் என்று எண்ணியே பலரும் சென்றனர். பின்னர் மனைவி மக்களும் வந்து சேர்ந்தனர். பிள்ளைகள் பள்ளியில் அடியெடுத்து வைத்தனர். அங்கேதான் சோதனை தொடங்கியது.

1963-இல், லண்டனை ஒட்டிய சவுத்தால் பகுதியில், குடியேறியோரின் பிள்ளைகள் பள்ளியில் பெருகிவிட்டனர் என்று வெள்ளையர் பெற்றோர் கிளர்ச்சி செய்தனர். 1965-இல் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை விடுத்தது. எந்தப் பள்ளியிலும் குடியேறியோரின் பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் இருத்தல் ஆகாது. மிகுந்தோரை வேறு பள்ளிகளுக்குப் பிரித்தனுப்புக என்பதே அதன் சாரம். விடியலில் எழுந்து, பேருந்தேறித் தொலைவிலுள்ள பள்ளிகளுக்குச் சென்றவர்கள் யார்? குடியேறியோரின் பிள்ளைகளே. வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் ஒருவரும் அவ்வாறு அனுப்பப்படவில்லை. ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசிய சிறுவர்களுங்கூட நிறம் கண்டு பேருந்தில் ஏற்றப்பட்டனர். 'நீ இருப்பதே இங்குச் சிக்கல்' என்ற பாடத்தை அக்குழந்தைகள் எழுத்தறியும் முன்னரே கற்றுக்கொண்டனர்.

பைப்பா, டேப்பா?

மற்றொரு கொடுமையை வெளிக்கொணர்ந்தவர் கிரெனடாவைச் சேர்ந்த பெர்னார்டு கோர்டு என்னும் ஆசிரியர். அறிவு வளர்ச்சி குன்றியோருக்கென நடத்தப்பட்ட தனிப் பள்ளிகளில் மேற்கிந்தியப் பிள்ளைகள் அளவுக்கு மீறிச் சேர்க்கப்பட்டிருப்பதை அவர் 1971-இல் ஒரு சிறு நூலாக எழுதினார். நுண்ணறிவுத் தேர்வில் தோற்றவர்கள் என்பதே அவர்களை அங்கு அனுப்பக் கூறப்பட்ட காரணம்.

அத்தேர்வின் இலட்சணத்திற்கு அவர் தரும் ஒரு சான்றைக் கேளுங்கள். தண்ணீர்க் குழாயின் படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்கிறார்கள். 'டேப்' என்றால் மதிப்பெண் உண்டு. மேற்கிந்தியப் பிள்ளை 'பைப்' என்கிறது; மதிப்பெண் இல்லை! அப்பிள்ளையின் ஊரில் அதற்கு அதுதான் பெயர். நம் வீடுகளிலும் "பைப்பை மூடு" என்றுதானே கூறுகிறோம்? அத்தேர்வில் நம் பிள்ளைகளும் அறிவு குன்றியோராகவே ஆகியிருப்பர். குறை பிள்ளையின் மூளையில் இல்லை; கேள்வி கேட்டவரின் அறிவு அவருடைய தெருவோடு நின்றுவிட்டது என்பதே உண்மை.

அறிக்கைகள் கூறியது என்ன?

1975-இல் மொழிக் கல்வியை ஆராய்ந்த புல்லக் குழு, பிள்ளை தன் வீட்டின் மொழியையும் பண்பாட்டையும் துறந்துதான் பள்ளிக்குள் வர வேண்டுமென எதிர்பார்ப்பது முறையன்று என்று உரைத்தது. 1979-இல் ஆன்டனி ராம்ப்டன் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் 1981-ஆம் ஆண்டு இடைக்கால அறிக்கை, ஆசிரியர்கள் தாமே அறியாமல் சில பிள்ளைகளிடம் குறைவாகவே எதிர்பார்க்கின்றனர். அந்த எதிர்பார்ப்பே பிள்ளைகளைக் கீழே இழுக்கிறது என்று சுட்டிக்காட்டியது. பின்னர் ஸ்வான் பிரபு தலைமையேற்றார். எண்ணூறு பக்கங்களைக் கடந்த இறுதி அறிக்கை 1985-இல் வெளிவந்தது. 'அனைவருக்கும் கல்வி' என்பது அதன் பெயர்.

இப்பெயரிலேயே அதன் உயிர் உள்ளது. அதுவரை, 'குடியேறியோரின் பிள்ளைகளை என்ன செய்வது?' என்றே எல்லோரும் கேட்டு வந்தனர். ஸ்வான் குழுவோ, 'நாட்டின் பிள்ளைகள் அனைவரையும் எவ்வாறு வளர்ப்பது?' என்று கேட்டது. வெள்ளையர் மட்டுமே பயிலும் பள்ளியில்தான் பிற மக்களைப் பற்றிய பாடம் மிகவும் தேவை என்று அது வலியுறுத்தியது. ஆசிரியப் பயிற்சி பெறும் ஒவ்வொருவரும், அவர் எங்குப் பணிபுரியப் போகிறவராயினும், பல இன மக்கள் வாழும் சமுதாயத்திற்கேற்ப ஆயத்தம் செய்யப்பட வேண்டும். சிறுபான்மை இனங்களிலிருந்தும் ஆசிரியர்கள் பெருக வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது.

ஆசிரியருக்கும் ஒரு பாடம்

ஆசிரியர் கற்க வேண்டியது என்ன? மிகச் சிறியவற்றிலிருந்தே தொடங்கலாம்.

பெரியவர் கண்டிக்கும்போது பார்வையைத் தாழ்த்துவது நம்மிடையே மரியாதை. ஆங்கில ஆசிரியருக்கோ அது குற்றமுள்ள நெஞ்சின் அடையாளமாகத் தோன்றலாம். முஹம்மது என்பது முதற்பெயரா, குடும்பப் பெயரா என்றறியாமல், வகுப்பிலுள்ள ஐந்து சிறுவரையும் அப்பெயராலேயே அழைத்தால் ஐவருக்கும் பெயரில்லாமற் போகிறது. 'பேகம்' என்பதைக் குடும்பப் பெயரென்று பதிவேட்டில் எழுதினால், தாய்க்கும் மகளுக்கும் உறவில்லை என்றோ, உறவே இல்லாதோர் உடன்பிறந்தார் என்றோ அந்தப் பதிவேடு பேசும். பள்ளி விட்டதும் மாலையில் மதரஸாவில் குர்ஆன் ஓதிவிட்டு இரவில் வீடு திரும்பும் சிறுவன் மறுநாள் சோர்ந்திருந்தால் அவனைச் சோம்பேறி என்பதா? இரண்டு பள்ளிகளில் பயில்பவன் என்று உணர்வதா? ரமலானில் நோன்பிருக்கும் மாணவியைத் திடலைச் சுற்றி ஓடச் சொல்வதா? அறிந்தவர் ஒருவாறு நடப்பார். அறியாதவர் வேறொருவாறு நடப்பார். இருவரும் நல்லவர்களாகவே இருக்கலாம். நல்ல உள்ளம் மட்டும் போதாது. பயிற்சி வேண்டும் என்பது இதனாலேயே.

பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் யூதர்களின் எழுத்தையும் மொழியையும் கற்குமாறு ஸைத் பின் தாபித் (ரலி) அவர்களைப் பணித்ததும், இளைஞரான அவர் குறுகிய நாட்களில் அதனைக் கற்றுத் தேர்ந்ததும் ஹதீஸ் நூல்களில் காணக் கிடக்கின்றன. மற்றவரோடு உறவாட வேண்டியவர் மற்றவரைக் கற்க வேண்டும் என்னும் நெறி நமக்குப் புதிதன்று.

சேலையும் சமோசாவும்

ஆண்டிற்கு ஒரு நாள் சேலை உடுத்தி, சமோசா உண்டு, மேற்கிந்திய எஃகு மேளம் கொட்டிவிட்டால் பல்பண்பாட்டுக் கல்வி முடிந்தது என்று கருதிய பள்ளிகளும் இருந்தன. அவற்றை விமர்சகர்கள் எள்ளி நகையாடினர். விருந்து வேண்டாம் என்பதன்று. பாடநூல் மாறாமல் விருந்து மட்டும் நடப்பதில் பயனென்ன? 'அல்ஜீப்ரா' என்ற சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரிலிருந்து பிறந்தது என்று கணித ஆசிரியர் ஒரு நிமிடம் கூறினால், முஸ்லிம் சிறுவனின் தலை நிமிரும். அருகிலிருக்கும் ஆங்கிலச் சிறுவனின் அறிவும் விரியும். இருவருக்கும் பயன்படுவதே மெய்யான கல்வி.

சட்டமும் தட்டும்

பிராட்ஃபோர்டு நகரமன்றம் 1983-இல் பள்ளிகளில் ஹலால் உணவு வழங்கத் தொடங்கியது. எதிர்ப்பு எழுந்தது. 1984 மார்ச்சில் மன்றம் மீண்டும் வாக்கெடுக்க முற்பட்டபோது, ஆயிரக்கணக்கான முஸ்லிம் பிள்ளைகளைப் பெற்றோர் பள்ளிக்கு அனுப்பாது நிறுத்தித் தம் உணர்வைக் காட்டினர். ஹலால் உணவு நிலைத்தது.

1983-இல், தலைப்பாகை அணிந்த சீக்கியச் சிறுவனைச் சேர்க்க மறுத்த ஒரு பள்ளியின் வழக்கில், சீக்கியர் ஓர் இனக்குழுவினரே; ஆகவே இனப் பாகுபாட்டுச் சட்டம் அவர்களைக் காக்கும் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஆனால் முஸ்லிம்களுக்கு அப்பாதுகாப்பு வாய்க்கவில்லை. பல இனத்தவர் தழுவிய மார்க்கம் ஆதலின், முஸ்லிம்கள் ஓர் இனமாகக் கருதப்படவில்லை! மத அடிப்படையிலான பாகுபாட்டிற்கு எதிரான காப்பு 2003-இல் வேலைவாய்ப்பிலும், 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கல்வியிலும் வந்தது. கிறிஸ்தவ, யூதப் பள்ளிகள் நெடுங்காலமாகப் பெற்று வந்த அரசு நிதியை முஸ்லிம் பள்ளிகள் இரண்டு முதன்முதலாகப் பெற்றது 1998-இல்தான்.

ஆசிரியப் பயிற்சியின் கதையோ ஏற்ற இறக்கம் உடையது. 1992-க்குப் பின் உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கான 36 வாரப் பயிற்சியில் 24 வாரங்கள் பள்ளிகளிலேயே நடைபெற வேண்டுமென விதிக்கப்பட்டது. அனுபவம் பெருகியது; எனினும், ஒரே இனத்தார் பயிலும் பள்ளியில் பழகியவர் பிறரைப் பற்றி அறியாமலே ஆசிரியராகும் வாய்ப்பும் பெருகியது. கற்பித்தலை எல்லா மாணவரின் தேவைக்கும் ஏற்ப அமைத்திட வேண்டும் என்று 2012-இல் நடைமுறைக்கு வந்த ஆசிரியர் தகுதிநெறிகள் கூறுகின்றன. ஏட்டிலுள்ளது வகுப்பறைக்குள் வருவது அவரவர் பயிற்சியைப் பொறுத்தது.

நம் கணக்கையும் பார்ப்போம்

வாசகர்களே! இவற்றைப் படிக்கையில் நம் மக்கள் பட்ட துன்பத்திற்காக உள்ளம் நோகிறது. நோகட்டும். ஆனால் அதோடு நின்றுவிடலாகாது. 1919-இல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1951-இல் தோன்றிய திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி முதலாக, நம் முன்னோர் நிறுவிய கல்விக்கூடங்களில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் பயின்று வருகின்றனர். அவை நம் சமுதாயத்தின் பெருமை. நாம் நடத்தும் பள்ளிகளில் சிறுபான்மையாக அமர்ந்திருக்கும் ஹிந்துப் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் தம் பெயரோடும் பண்டிகையோடும் தலைநிமிர்ந்து இருக்கின்றனரா? பிராட்ஃபோர்டில் நம் பிள்ளைக்கு நாம் கேட்ட நீதி, நம் பள்ளியில் பிறர் பிள்ளைக்கும் உரியதன்றோ?

இனங்களும் கோத்திரங்களும் வெவ்வேறாகப் படைக்கப்பட்டதன் நோக்கம் மனிதர் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதே என்று திருமறையின் 49-ஆவது அத்தியாயம் உணர்த்துகிறது. அறிதலுக்கு வகுப்பறையினும் சிறந்த இடம் எது?

நீங்கள் பெற்றோராயின், கல்வியாண்டின் தொடக்கத்திலேயே ஆசிரியரைக் கண்டு, உங்கள் பிள்ளையின் பெயரைச் சரியாகச் சொல்லிக் கொடுங்கள்; நோன்பு வருமுன் அதைப் பற்றிக் கூறுங்கள். அறியாதவரைக் குறை கூறுவதினும் அறிவிப்பது மேலானது. நீங்கள் ஆசிரியராயின், நாளை வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது, ஒவ்வொரு பெயரையும் அப்பிள்ளையின் தாய் அழைப்பது போலவே அழைத்துப் பாருங்கள். அப்பிள்ளை வாயிலில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டியது காலணி மட்டுமே!