புழுதியில் ஒரு குட்டி ராட்சசன்

நைட்ரோவில் ஓடும் முதல் ரிமோட் டிரக்கைக் கரடுமுரடான தரைக்குத் தயார் செய்வதில் எது முதல், எது கடைசி என்ற வரிசைதான் முக்கியம். வரிசை தவறினால் பணமும் போகும், எஞ்சினும் போகும்.

எஞ்சினின் கொள்ளளவு 2.5 சி.சி. சமையலறையில் இருக்கும் டீஸ்பூனில் பாதி. அதற்குள் ஒரு பிஸ்டன் நிமிடத்துக்கு 30,000 முறை, அதாவது வினாடிக்கு 500 முறை, ஏறி இறங்குகிறது. பின்னால் வெளிர் நீலப் புகை. காதைத் துளைக்கும் ரீங்காரம். சுமார் நான்கு கிலோ எடையுள்ள டிரக் மண்மேட்டில் ஏறி, நான்கு சக்கரங்களும் அந்தரத்தில் சுழல, புழுதியைக் கிளப்பியபடி தரையிறங்குகிறது. இதைப் பொம்மை என்று அழைப்பவர்கள் அருகில் நின்று பார்க்காதவர்கள்.

ரிமோட்டில் இயங்கும் கார்களுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. ஆனால் பெரிய சக்கர டிரக்குகளின் மோகத்துக்கு வித்திட்டது 1999. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில நிறுவனமான டிராக்ஸஸ் அந்த ஆண்டில்தான் டி-மேக்ஸ் என்ற டிரக்கை அறிமுகப்படுத்தியது. நான்கு சக்கரங்களுக்கும் விசை, சக்கரத்துக்கு இரண்டு வீதம் எட்டு ஷாக் அப்சார்பர்கள், முன்னும் பின்னும் செல்லும் கியர்பெட்டி, கயிற்றை இழுக்காமல் பொத்தானை அழுத்திக் கிளப்பும் வசதி. புதிதாக வருபவரும் ஓட்டலாம் என்ற நம்பிக்கையை அது கொடுத்தது. 2002-ல் ஹெச்.பி.ஐ. நிறுவனத்தின் சாவேஜ் 3.5 சி.சி. எஞ்சினுடன் போட்டிக்கு வந்தது. இந்த இரண்டு வண்டிகளைச் சுற்றியும் உதிரிபாக வியாபாரம் ஒன்று தழைத்தது. பளபளக்கும் அலுமினியக் கைகள், ராட்சச டயர்கள், கூடுதல் சக்தி எஞ்சின்கள்.

பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது. முதல் டிரக்கை வாங்குபவர் முதல் மாதத்திலேயே அப்கிரேடில் இறங்குகிறார். பெரும்பாலும் கண்ணுக்கு முதலில் படுவதை முதலில் மாற்றுகிறார்: பெரிய எஞ்சின், பெரிய டயர். உண்மையில் அவை பட்டியலின் கடைசியில் வர வேண்டியவை.

முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

நான்கு கிலோ வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போனால் அதன் ஆற்றல் எவ்வளவு? வேகப்பந்து வீச்சாளர் 140 கி.மீ. வேகத்தில் எறியும் கிரிக்கெட் பந்தைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். அந்த வண்டிக்கும் ஓட்டுபவருக்கும் இடையே இருப்பது ரேடியோ அலை மட்டுமே. பழைய மாடல்களின் ரிசீவரில் நான்கு பென்சில் பேட்டரிகள். மேடு பள்ளத்தில் குலுங்கும்போது பேட்டரிப் பெட்டியின் ஸ்பிரிங் ஒரு கணம் விலகினால் போதும், வண்டி யார் பேச்சையும் கேட்காது. வேகம் கொடுத்த நிலையில் சர்வோ மோட்டார் உறைந்துவிட்டால், எரிபொருள் தீரும்வரை அல்லது எதன் மீதாவது மோதும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். மின்சார வண்டியில் பேட்டரி செத்தால் வண்டி நிற்கும். நைட்ரோவில் ரிசீவர் பேட்டரி செத்தால்தான் வண்டி நிற்காது.

அதனால் முதல் செலவு இங்கேதான் ஆக வேண்டும். ஐந்து செல்கள் சேர்த்துப் பற்றவைத்த, திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய 6 வோல்ட் நிக்கல் பேட்டரி. சிக்னல் அறுந்தாலோ மின்னழுத்தம் குறைந்தாலோ வேகத்தைக் குறைத்து பிரேக் பிடிக்கும் ஃபெயில்-சேஃப் அமைப்பு. பேட்டரி அடியோடு கழன்று போனால் அந்த அமைப்பும் செயலிழக்கும். அப்போது கைகொடுப்பது கார்புரேட்டரை மூடிய நிலைக்கு இழுத்துப் பிடிக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங். எல்லா அப்கிரேடுகளிலும் மலிவானது இது. ஒரு குழந்தையின் காலையோ முகத்தையோ காப்பாற்றக்கூடியதும் இதுவே. 27 மெகா ஹெர்ட்ஸில் இயங்கும் பழைய ரிமோட் இருந்தால் அதையும் 2.4 கிகா ஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுவது நல்லது. ஒருவர் ரிமோட் இன்னொருவர் வண்டியைக் குழப்பும் தொல்லை ஒழியும்.

அடுத்தது ஸ்டீரிங் சர்வோ. அதன் பலத்தைக் கிலோ-சென்டிமீட்டரில் சொல்வார்கள். ஒரு செ.மீ. நீளமுள்ள கையின் நுனியில் எத்தனை கிலோவை இழுக்கும் என்பதே கணக்கு. பெட்டியோடு வரும் சாதாரண சர்வோக்கள் பல மூன்று, நான்கு கிலோதான் இழுக்கும். கல்லும் பள்ளமும் நிறைந்த தரையில் கனமான சக்கரங்களைத் திருப்ப அதுபோல இரண்டு மடங்கு பலமும் உலோகப் பற்சக்கரமும் வேண்டும். ஆனால் பலமான சர்வோ அதிக மின்சாரம் குடிக்கும். பேட்டரியை மாற்றாமல் சர்வோவை மட்டும் மாற்றினால் ரிசீவர் திணறும்.

தூசியே முதல் எதிரி

இந்தியாவின் மண் விதவிதமானது. தக்காணத்தின் செம்மண், விதர்பாவின் கரிசல், ராஜஸ்தானின் நுண்மணல். மூன்றுமே நைட்ரோ எஞ்சினுக்கு எமன். இதன் பிஸ்டனுக்கு வளையம் கிடையாது. குரோமியம் பூசிய பித்தளைக் குழாய்க்குள் அலுமினிய பிஸ்டன் நேரடியாக உரசி ஓடுகிறது. குழாய் மேல்நோக்கி மிக நுட்பமாகக் குறுகும். சூடேறும்போது பித்தளை விரிந்து, இரண்டுக்கும் பொருத்தம் கச்சிதமாக அமையும். இந்தப் பொருத்தத்தில்தான் எஞ்சினின் உயிர் இருக்கிறது. ஒரு சிட்டிகை மணல் உள்ளே போனால் அது உப்புத்தாள் போல இரண்டையும் தேய்த்துவிடும். பிறகு அழுத்தம் போய்விடும். சூடானதும் எஞ்சின் நின்றுவிடும், மறுபடி கிளம்பாது.

இதற்கு மருந்து விலை குறைந்த பொருள்தான்: இரண்டடுக்கு நுரைப்பஞ்சு ஏர் ஃபில்டரும் அதில் தடவும் பிசுபிசுப்பான எண்ணெயும். எண்ணெய் தடவாத ஃபில்டர் நுண்தூசியை வடிகட்டாது. ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்குப் பிறகும் பஞ்சைக் கழுவி, உலர்த்தி, மறுபடி எண்ணெயில் பிசைய வேண்டும். இரண்டு மூன்று பஞ்சுகளை மாற்றி மாற்றிப் போடுபவர்களின் எஞ்சின் நீடிக்கிறது.

பெரிய டயரின் கணக்கு

இந்த ஏற்பாடுகள் முடிந்தபின் டயருக்கு வரலாம். ஈரமண்ணுக்கு இடைவெளி விட்ட உயரமான முட்கள், இறுகிய தரைக்கு நெருக்கமான குட்டை முட்கள் என்பது பொது விதி. ஆனால் விட்டம் கூடும்போது கியர் கணக்கு மாறிவிடுகிறது. 14 செ.மீ. விட்டமுள்ள டயரை எடுத்துவிட்டு 16 செ.மீ. டயரை மாட்டினால், ஒரு சுற்றில் வண்டி கடக்கும் தூரம் ஏழில் ஒரு பங்கு கூடும். இழுவை எட்டில் ஒரு பங்கு குறையும். கிளட்ச் வழுக்கும், சூடாகும், எஞ்சின் முக்கி முனகும். கிளட்ச்மணியில் 16 பற்கள் இருந்த இடத்தில் 14 பற்கள் உள்ளதைப் போட்டால் கணக்கு பழைய நிலைக்கு வந்துவிடும். டயருக்குச் செலவழித்தவர்கள் பலர் இந்தச் சின்னப் பற்சக்கரத்தை மறந்துவிடுகிறார்கள். பற்சக்கரங்களைப் பொருத்தும்போது இடையில் ஒரு காகிதத் துண்டை வைத்து இறுக்கி, பிறகு உருவிவிட வேண்டும். அந்தக் காகிதத்தின் கனமே சரியான இடைவெளி.

டிஃபரன்ஷியலிலும் நுணுக்கம் உண்டு. ஒரு சக்கரம் தரையைவிட்டு எழும்பினால் விசையெல்லாம் அந்தச் சக்கரத்துக்கே ஓடி, மற்ற சக்கரம் சும்மா நிற்கும். உள்ளே கெட்டியான சிலிகான் எண்ணெய் நிரப்பினால் இந்த ஓட்டம் மட்டுப்படும். 5,000, 10,000 என்று புட்டியில் போட்டிருக்கும் எண்கள் அந்தக் கெட்டித்தன்மையைக் குறிப்பவை. ஷாக் அப்சார்பர் எண்ணெயும் அப்படித்தான். மிக இளக்கமாக இருந்தால் குதித்து இறங்கும்போது வண்டியின் வயிறு தரையில் அடிக்கும். மிகக் கெட்டியானால் சின்னப் பள்ளங்களில் வண்டி பந்துபோல் துள்ளும்.

அலுமினிய மோகம் தனிக் கதை. கண்ணாடி அலமாரியில் அழகாக இருக்கும் அலுமினியக் கைகள் கல்லில் மோதினால் வளைந்துவிடும், வளைந்தவை நிமிராது. அவை வளையாமல் நின்றால் அடி அடுத்த பாகத்துக்குப் போய்ச் சேரும். நல்ல நைலான் கையோ அடியை வாங்கிக்கொண்டு வளைந்து பழைய நிலைக்குத் திரும்பும். உடைந்தாலும் மாற்றுவது மலிவு. உலோகத்தோடு உலோகம் சேரும் திருகுகளில் ஒரு துளி திரெட்லாக் பசை விடுவது எந்த அலுமினியக் கையையும்விடப் பயன் தரும்.

ஊசியில் இருக்கிறது உயிர்

எஞ்சினுக்குக் கடைசி இடம். இருக்கும் எஞ்சினைப் பழக்கவும் படிக்கவும் தெரிந்த பிறகே புதியதைப் பற்றி யோசிக்க வேண்டும். முதல் ஐந்தாறு டாங்க் எரிபொருளை மெதுவாக, கூடுதல் எரிபொருள் கலவையில், நடுநடுவே ஆறவிட்டு ஓட்டித் தீர்ப்பது பழக்கும் முறை. பொறுமையற்றவர்கள் முதல் டாங்கிலேயே முழு வேகம் கொடுத்து எஞ்சினின் ஆயுளைப் பாதியாக்குகிறார்கள்.

எரிபொருள் என்பது மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் ஆகிய மூன்றின் கலவை. டிரக்குகளுக்கான கலவையில் நைட்ரோமீத்தேன் பெரும்பாலும் 10 முதல் 30 சதவிகிதம். பெட்ரோல் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.4 கிலோ போதும். தன்னுள்ளேயே ஆக்ஸிஜனை வைத்திருக்கும் நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ. அதே காற்றில் அதிக எரிபொருளை எரிக்க முடிவதால்தான் அரை ஸ்பூன் எஞ்சினுக்கு இத்தனை வேகம். தீப்பொறி கக்கும் பிளக் இதில் கிடையாது. குளோ பிளக்கின் பிளாட்டினக் கம்பி, கிளப்பும்போது 1.5 வோல்ட்டில் பழுக்கிறது. அதன்பிறகு மெத்தனால் ஆவியோடு நிகழும் வினையே அதைத் தணியாமல் வைத்திருக்கிறது.

கார்புரேட்டரில் இருக்கும் ஊசித் திருகை வலப்பக்கம் திருப்பினால் எரிபொருள் குறையும், வேகம் கூடும். இங்கேதான் சபலம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருப்பத் தோன்றும். ஆனால் மசகு எண்ணெய் எரிபொருளில்தான் கலந்திருக்கிறது. எரிபொருள் குறைந்தால் சூடும் ஏறும், மசகும் குறையும். எஞ்சினுக்கு இரட்டை அடி. ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாதே, திருப்பியபின் ஓட்டிப் பார், புகை வருகிறதா என்று கவனி என்பது அனுபவசாலிகளின் பாடம். குளோ பிளக் அருகே வெப்பநிலை சுமார் 95 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். வெப்பமானி இல்லாதவர் எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். விழுந்த கணமே சீறி மறைந்தால் அபாயம்.

ஊசியின் நிலை ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும். டெல்லியின் ஜனவரிக் குளிரில் காற்று அடர்த்தியானது, எரிபொருளைக் கூட்ட வேண்டும். நாக்பூரின் மே வெயிலிலும் சென்னையின் புழுக்கத்திலும் சிறிது குறைக்கலாம். கடல்மட்டத்தில் சரி செய்த வண்டியை சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூருக்குக் கொண்டுபோனாலும் திருகைத் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

புட்டிக்குள் விஷம்

இந்த ஆர்வத்தின் இருண்ட பக்கம் எரிபொருள்தான். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த கள்ளச்சாராயத்தில் கலந்திருந்ததும் மெத்தனால்தான். குடித்தால் கண்பார்வை போகும், உயிரும் போகும். தோல் வழியாகவும் உடலில் ஏறும். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் மாநிலங்கள் கடும் விதிகள் வைத்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. தமிழ்நாட்டில் மீதைல் ஆல்கஹாலுக்கான விதிகள் 1959-லேயே வந்துவிட்டன. எளிதில் தீப்பற்றும் திரவம் என்பதால் விமானத்தில் கைப்பையிலோ சாதாரணத் தபாலிலோ எரிபொருளைக் கொண்டுவர முடியாது. வீட்டில் தானே கலந்துகொள்ளும் யோசனை ஆபத்தானது, பல இடங்களில் சட்டவிரோதமானதும்கூட. வண்டி வாங்குவதற்கு முன்பே எரிபொருள் முறையாகக் கிடைக்குமா என்று விசாரிப்பது புத்திசாலித்தனம். மூடி இறுகிய புட்டி, பூட்டிய அலமாரி, கையுறை ஆகியவையும் அப்கிரேடில் சேர்த்தி.

இத்தனை தொல்லை எதற்கு? லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிரஷ் இல்லாத மோட்டாரும் வந்தபின், மின்சார டிரக் சத்தமில்லாமல் நைட்ரோவை முந்திவிடுகிறது. புகை இல்லை, ஊசி இல்லை, விஷம் இல்லை. ஆனாலும் நைட்ரோவுக்கு ஆள் இருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யின் டெக்ஃபெஸ்ட் போன்ற மாணவர் விழாக்களில் சிறு எஞ்சின் கார்ப் பந்தயங்கள் நடந்திருக்கின்றன. பாடப்புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்த எரிதலையும் உராய்வையும் கையில் சூடாக உணரக் கிடைக்கும் இடம் அது. எஞ்சின் சொல்வதைக் காதால் கேட்டுத் திருகைத் திருப்பும் கலையை எந்த பேட்டரியும் கற்றுத் தராது.

மாலையில் வெளிச்சம் குறைந்து வண்டிகள் ஓய்ந்தபின், தேர்ந்தவரை அடையாளம் காண்பது சுலபம். புதியவர் வண்டியை அப்படியே பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்புவார். தேர்ந்தவர் டாங்கைக் காலி செய்து, குழாயில் மிச்சமிருப்பது தீரும்வரை எஞ்சினை ஓடவிடுவார். மெத்தனால் ஈரத்தை இழுத்து பேரிங்குகளைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால் கார்புரேட்டரிலும் பிளக் துளையிலும் சில சொட்டு எண்ணெய் விடுவார். குழாயின் குறுகிய பகுதியில் மாட்டி இறுகாமல் இருக்க, ஃபிளைவீலைக் கையால் திருப்பி பிஸ்டனைக் கீழே இறக்கிவைப்பார். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம். முதல் டிரக்குக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த அப்கிரேட் அது. அதை எந்தக் கடையிலும் விற்பதில்லை.