பூட்டிக்கொள்ளும் மூட்டு



குதிரை நின்றபடியே உறங்கும் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சேலத்தை அடுத்த ஈரோடு மாவட்டத்து அந்தியூரில், ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிப் பெரிய கால்நடைச் சந்தை கூடுகிறது. அங்கே செல்வோர் இக்காட்சியைக் கண்ணாரக் காணலாம். அத்துணை எடையையும் தாங்கிக்கொண்டு, தசைகள் சோர்வுறாமல் அது எவ்வாறு நிற்கிறது?

அதற்கு விடை பின்னங்காலில், வயிற்றை ஒட்டி அமைந்த மூட்டில் இருக்கிறது. பின்னோக்கி மடங்குவது போல் தோன்றும் கீழ்மூட்டையே பலர் முழங்கால் என எண்ணுகின்றனர். அது உண்மையில் நம் கணுக்காலுக்கு நிகரானது. மேலே உள்ளதே முழங்கால் மூட்டு. அதன் முன்புறத்தில் ஒரு சில்லெலும்பு உண்டு. அதைக் கீழ்க்கால் எலும்போடு மூன்று நார்கள் பிணைக்கின்றன. குதிரை ஓய்வாக நிற்கும்போது, உட்புற நார் தொடையெலும்பின் நுனியிலுள்ள மேட்டின்மீது கொக்கி போல மாட்டிக்கொள்கிறது; கால் பூட்டப்படுகிறது. நடக்க முற்பட்டதும் தொடைத்தசை சில்லைச் சற்றே தூக்கிக் கொக்கியை விடுவிக்கிறது. ஆழ்ந்த உறக்கத்திற்கு மட்டும் குதிரை சிறிது நேரம் படுத்தாக வேண்டும்.

பூட்டு திறவாவிட்டால் என்ன ஆகும்? கால் பின்னோக்கி விறைத்து நின்றுவிடும்; குளம்பின் நுனி தரையில் இழுபடும். சில வேளைகளில் கால் திடீரெனச் சொடுக்கிக்கொண்டு முன்னே வரும். பின்னங்கால் அளவுக்கு மீறி நேராக அமைந்த குதிரைகளுக்கும், தீனிக் குறைவாலோ வேலையின்மையாலோ தொடைத்தசை மெலிந்தவற்றுக்கும் இக்குறை எளிதில் வரும்.

குதிரைக்கு மட்டும் உரிய நோயன்று இது. நம் நாட்டில் உழவு மாடுகளிடமும் எருமைகளிடமும் இது மிகுதியாகக் காணப்படுகிறது. ஆதலால் சேலம், நாமக்கல் சமவெளியின் உழவர் வீட்டுப் பிள்ளைகள் இதை அறிந்திருத்தல் நலம் என்பேன். ஏரில் பூட்டிய எருது காலை இழுத்தால், சோம்பல் என்று கருதிச் சாட்டையை ஓங்குவோர் உண்டு. பூட்டிய கதவை அடித்தால் திறக்குமா?

இனி, செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். கால் விறைத்து நிற்கும் குதிரையை மெல்லப் பின்னோக்கி நடத்தினால் பல வேளைகளில் பூட்டு விடுபடும். நல்ல தீவனமும், மேட்டுப்பாங்கான இடத்தில் நாள்தோறும் சீரான நடையும் தொடைத்தசையை வலுப்படுத்தும். குளம்பையும் சமமாகச் சீவிவிடல் வேண்டும். இளங்குதிரைகள் பல இவற்றாலேயே நலம் பெறுகின்றன.

இவற்றால் குணமாகாதபோது, உட்புற நாரை அறுத்துவிடும் அறுவை உண்டு. மாட்டுக்கு அது சிறிய அறுவை. மரத்துப்போகும் மருந்திட்டு அறுத்தால் பெரும்பாலும் நடை உடனே சீராகும். குதிரைக்கோ, பின்னாளில் சில்லெலும்பு சிதையும் அபாயம் உண்டு; எனவே அதைக் கடைசி வழியாகவே கொள்வர். வீக்கமும் வலியும் கண்டால் அது வேறு மூட்டு நோயாகவும் இருக்கலாம். அதை மருத்துவரே ஆய்ந்து கூற வேண்டும். நாமக்கல்லில் 1985-ஆம் ஆண்டு தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இவ்வட்டாரத்தார்க்கு அணித்தே உள்ளது.

வாயில்லாப் பிராணி தன் வலியை நடையால்தான் சொல்லும். அதைப் படித்தறியும் கண் உங்களுக்கு வாய்த்தால், ஓர் ஏழை உழவரின் எருது அடிமாடாக விலைபோகாமல் காக்கப்படும்.