மூக்கு பெருத்தது யார் குற்றம்? வரன் படமும் லென்ஸும்!

இராஜாக்கமங்கலம்—

வரன் பார்க்கக் கொடுத்த படத்தில் பொண்ணுக்கு மூக்கு பெருத்துத் தெரிகிறதா? பொண்ணைக் குறை சொல்லாதீர்கள். படம் பிடித்தவர் ரொம்பக் கிட்டே போய்விட்டார், அவ்வளவுதான்!

இரண்டடியில் நின்றால் காதைவிட மூக்கு கேமராவுக்கு நெருக்கம். அதனால் பெருத்துவிடும். ஆறடி தள்ளி நின்றால் முகம் முகமாக இருக்கும். அங்கிருந்தே முகத்தை நிறைவாகப் பிடிக்கத்தான் 85 எம்.எம். 'பிரைம்' லென்ஸ். இதில் ஜூம் கிடையாது.

தென்னந்தோப்பில் எடுக்க இது ஜோர். ஆனால் சின்ன சென்சார் கேமராவில் மாட்டி, சின்ன அறைக்குள் எடுத்தால் முதுகு சுவரில் இடிக்கும்! அதற்கு 50 எம்.எம். போதும், சுமார் 75 மாதிரி வேலை செய்யும். விலையும் குறைச்சல்.

அப்பர்ச்சரை 1.8-க்குத் திறந்தால் பின்னணி மங்கும். கிட்டத்தில் எடுத்தால் ஒரு கண்ணும் சேர்ந்து மங்கலாம், உஷார்! ஜோடிப் படத்துக்கு 4 வையுங்கள்.

நாகர்கோவில் கடைக்கு பஸ் ஏறுமுன் அறையை அளந்து பாருங்கள்!