இரு உலகப் போர்களைக் கண்ட மாலுமி
(பத்தாம் வகுப்பு மாணவி)

சாமர்த்தியமும் கண்டிப்பும் மிக்கவரைப் "பெரிய எம்டன்" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். எம்டன் என்பது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர். முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22 இரவு, அது சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுத் தீக்கிரையாக்கியது. நம் கடற்கரைக்கும் வந்த அந்தப் போரில், ஜெர்மனியை எதிர்த்த பிரிட்டிஷ் கடற்படையில் பணிபுரிந்த ஒருவர் 2011 வரை வாழ்ந்திருந்தார். அவர்தாம் கிளாட் சூல்ஸ். இரு உலகப் போர்களிலும் பணியாற்றியவர்களுள், நமக்குத் தெரிந்தவரை, கடைசியாக உயிரோடிருந்தவர் அவரே.

சூல்ஸ் இங்கிலாந்தில் வூஸ்டர்ஷயர் பகுதியில் 1901 மார்ச் 3 அன்று பிறந்தார். ஐந்து வயதிலேயே தாயைப் பிரிந்தார். பதினான்காம் வயதில், நம் வகுப்புப் பிள்ளைகளை விடவும் சிறியவராக, கடற்பயிற்சிக் கப்பலில் சேர்ந்தார். 1917-இல் 'ரிவெஞ்ச்' என்னும் பெரிய போர்க்கப்பலுக்கு அனுப்பப்பட்டார்.

1918 நவம்பரில் போர் ஓய்ந்தது. சரணடைய வந்த ஜெர்மானியக் கப்பல்கள் வரிசை வரிசையாக அணிவகுத்து வந்ததை அவர் நேரில் கண்டார். அக்கப்பல்கள் ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஸ்காபா ஃப்ளோ துறையில் நிறுத்தி வைக்கப்பட்டன. அவை பகைவர் கைக்குப் போகக்கூடாது என்று கருதிய ஜெர்மானியத் தளபதி, 1919 ஜூன் 21 அன்று அவற்றை மூழ்கடிக்கும்படி தம் மாலுமிகளுக்கே உத்தரவிட்டார். அங்கிருந்த 74 கப்பல்களில் 52 மூழ்கின. பல்லாயிரம் பேர் உழைத்துக் கட்டியவற்றை அவர்கள் நாட்டவரே அழித்த காட்சிக்கும் இளைஞர் சூல்ஸ் சாட்சியானார்.

1926-இல் பயிற்சியாளராக ஆஸ்திரேலியா சென்றார். கப்பலில் சந்தித்த எதெல் என்னும் பெண்மணியை அவ்வாண்டே மணந்து, அந்நாட்டுக் கடற்படையிலேயே நிலைத்துவிட்டார். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஆஸ்திரேலியக் கரையில் முதன்முதலாக ஒதுங்கிய ஜெர்மானியக் கண்ணிவெடியை அப்புறப்படுத்தும் பொறுப்பு சூல்ஸுக்குக் கிடைத்தது. அதைவிடக் கடுமையான பொறுப்பு ஒன்றும் இருந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசினர். சென்னை மக்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளூர்களுக்கு ஓடினர். அதே அச்சம் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் நிலவியது. ஜப்பானியர் வந்து இறங்கினால், ஃப்ரீமேண்டில் துறைமுகத்தையும் எண்ணெய்த் தொட்டிகளையும் வெடிவைத்துத் தகர்க்க வேண்டியவர் சூல்ஸ். ஸ்காபா ஃப்ளோவில் ஜெர்மானியர் செய்ததைத் தம் ஊரிலேயே தாம் செய்ய நேருமோ என்னும் நிலை! நல்லவேளையாக ஜப்பானியர் அங்கு இறங்கவில்லை, துறைமுகமும் தப்பியது.

1956-இல் அவர் ஓய்வு பெற்றபோது, அவருடைய பணிக்காலம் 41 ஆண்டுகள். இத்தனை ஆண்டுகள் சீருடை அணிந்தவர் போரைப் புகழ்ந்து பேசியிருப்பார் என்றே நாம் எண்ணுவோம். அவரோ போரை வெறுத்தார். ஏப்ரல் 25-இல் ஆஸ்திரேலியாவில் நடைபெறும் போர் நினைவு நாள் அணிவகுப்பில் கலந்துகொள்ள அவர் விரும்பவில்லை. எண்பது வயதில் எழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்ந்து, தம் குடும்பத்தாருக்காக வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அது நூலாக வெளிவந்தபோது அவருக்கு 108 வயது! 76 ஆண்டுகள் இல்லறம் நடத்திய எதெல் 2003-இல் மறைந்தார். சூல்ஸ் 2011 மே 5 அன்று, 110-ஆம் வயதில், பெர்த் நகரில் காலமானார்.

அவ்வாண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியா தன் கடற்படைக் கப்பல் ஒன்றுக்குச் 'சூல்ஸ்' எனப் பெயரிட்டது. 2020 ஜனவரியில் பெருங்காட்டுத்தீ மல்லகூட்டா என்னும் கடலோர ஊரைச் சூழ்ந்தது. சாலைகள் அடைபட்டுக் கரையில் தவித்த மக்களில் ஏறத்தாழ ஆயிரம் பேரை ஏற்றிச் சென்று காத்தது அந்தக் கப்பலே. போரை வெறுத்த அம்மனிதரின் பெயருக்கு இதைவிடச் சிறந்த மரியாதை வேறு ஏது?