செல்லோ வல்லார் பிடில் பயிலல்

ஒரு கருவியிற் கை பழகியோர் மற்றொரு கருவியை எளிதிற் கற்றுக்கொள்வர் என்பது பலர் கருத்து. அது பாதி உண்மையே. பழகிய கை துணைசெய்யும் இடமும் உண்டு. பழகிய கையே பகையாய் நிற்கும் இடமும் உண்டு. செல்லோ என்னும் பெருங்கருவியைப் பயின்றோர் பிடிலைக் கையில் எடுக்குங்கால் இவ்விரண்டும் ஒருங்கே நேர்கின்றன. அவை யாவை என்பதனையும், நம் கரிசல் நாட்டிலே ஏறக்குறைய இருநூறு ஆண்டுகட்கு முன்னர் நிகழ்ந்த இதனையொத்த செய்தி ஒன்றனையும் ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

செல்லோ வாசிப்போர்க்குப் பிடில் எற்றுக்கு என வினவின், கூறுதும். கல்லூரிப் பாடகர் குழுவிற் செல்லோ பயிலும் மாணாக்கர் படிப்பு முடிந்து ஊர் திரும்புவர். அவ்வூர் நாகலாபுரம் போன்றதொரு கரிசல் ஊராயின், நாலடி உயரமுள்ள அக்கருவியைப் பேருந்தில் ஏற்றி இறக்குதலே பெரும்பாடாகும். இரண்டடிப் பிடிலோ மடியில் அடங்கும். இஃது ஒரு காரணம். இதனினும் பெரிய காரணம் நம் ஆலயங்களிற் பாடப்படும் கீர்த்தனைகளைப் பற்றியது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலானோர் இயற்றிய கீர்த்தனைகள் இராகத்தாற் பொலிவன. இராகமோ சுரங்களின் அசைவாற் பொலிவது. ஆர்மோனியமும், இந்நாளில் அதன் இடத்தைக் கைப்பற்றிய கீபோர்டு என்னும் மின்கருவியும், நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் முறையில், அழுத்திய கட்டைக்கு உரிய சுரத்தையே ஒலிப்பன. ஒரு சுரத்தினின்று மற்றொன்றிற்கு இழைந்து செல்லும் நெறி அவற்றில் இல்லை. ஆண்டுக்கணக்காக அவற்றோடு பாடும் சபையாரின் குரலும் நாளடைவிற் கட்டைக்குக் கட்டை தாவக் கற்றுக்கொள்கின்றது. தோடியில் அமைந்த பாட்டினைத் தோடியாகவே கேட்பது அரிதாகி வருதற்கு இதுவே முதற் காரணம் என்பது எம் துணிபு. மெட்டில்லாத தந்திக் கருவி ஒன்று குரலோடு உடன் சென்றால் குரல் தன் வழியை மீண்டும் காணும். அக்கருவி பிடிலே.

இனிக் கருவிகளை நோக்குவோம். இரண்டும் ஒரு குலத்தன. நான்கு தந்தி, குதிரை, பிருடை, குதிரைவால் மயிர் கட்டிய வில் என்பன இரண்டற்கும் பொது. மேனாட்டார் முறைப்படி செல்லோவின் தந்திகள் தடித்ததினின்று தொடங்கி ஸி, ஜி, டி, ஏ எனவும், பிடிலின் தந்திகள் ஜி, டி, ஏ, ஈ எனவும் சேர்க்கப்படும். இரண்டிலும் ஒவ்வொரு தந்தியும் தனக்குக் கீழ்த்தந்திக்குப் பஞ்சமமாக நிற்கும். பொதுவாயுள்ள மூன்று தந்திகளும் செல்லோவில் ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிப்பன. ஆகவே செவி பழகியவர்க்குப் பிடிலிற் சுருதி சேர்த்தல் புதிதன்று. வில்லை நேரே இழுத்தலும், அழுத்தத்தையும் விரைவையும் ஒத்துக் காத்தலும், மெட்டில்லாத இடத்திற் செவி காட்டும் வழியே விரல் வைத்தலும் முன்பே கைவந்தன. பிடில் தொடங்குவோர் வருத்தத்திற் பெரும்பகுதி இவற்றையே பற்றியதாதலின், செல்லோ வல்லார் அதனைக் கடந்தே வருகின்றனர்.

பகை தொடங்குவது இடக்கையில். செல்லோவின் அதிரும் தந்தி ஏறத்தாழ 69 சென்டிமீட்டர் நீளமுடையது. பிடிலினது ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். விரல் வையாத தந்தியைச் சட்ஜமாகக் கொண்டால், அதற்கு மேல் ஒரு முழுச்சுரம் ஏற, அஃதாவது சதுச்ருதி ரிஷபத்தை அடைய, தந்தியில் ஒன்பதில் ஒரு பங்கு தொலைவில் விரல் வைத்தல் வேண்டும். செல்லோவில் அத்தொலைவு ஏழரைச் சென்டிமீட்டருக்கு மேல். பிடிலில் நாலு சென்டிமீட்டரும் இல்லை. செல்லோவில் ஒரு நெல்லளவு விரல் பிசகினாற் செவி கூர்ந்தோரே அறிவர். பிடிலில் அதே நெல்லளவு இரண்டு பங்கு பிழையாய்ப் பெருகி யாவர்க்கும் புலப்படும்.

அளவு மட்டுமோ! விரல்களின் கடமையும் மாறுகின்றது. செல்லோவில் இடைவெளி பெரிதாதலின், தொடக்க நிலையில் விரலுக்கு விரல் அரைச்சுரமே எட்டும். சுட்டுவிரல் ரிஷபத்திலிருப்பின் நடுவிரல் சாதாரண காந்தாரத்திலும், மோதிரவிரல் அந்தர காந்தாரத்திலும், சுண்டுவிரல் மத்திமத்திலும் விழும். பிடிலிலோ சுட்டுவிரல் ரிஷபம், நடுவிரல் காந்தாரம், மோதிரவிரல் மத்திமம், சுண்டுவிரல் பஞ்சமம். பல ஆண்டு மத்திமத்தைக் காத்த சுண்டுவிரல் இப்பொழுது அதனை மோதிரவிரலிடம் ஒப்படைத்துவிட்டுப் பஞ்சமத்திற்குச் செல்லல் வேண்டும். அறிவு இதனை ஒரு நிமிடத்தில் ஏற்றுக்கொள்ளும். விரல் மாதக்கணக்கில் மறுக்கும்.

தந்திகளின் வரிசையும் தலைமாறி நிற்கின்றது. செல்லோ முழங்கால்களுக்கிடையே தலை மேலாக, முகம் அவையோரை நோக்க நிற்பதாதலின், தடித்த தந்தி வாசிப்போர் வலப்பக்கம் அமையும். பிடிலில் அது இடப்பக்கம். எனவே தாழ்ந்த தந்திக்குச் செல்ல வில்லைச் சாய்க்கும் திசை இரண்டிலும் வேறு. வில்லும் ஒன்றன்று. செல்லோவின் வில் சிறிது குறுகியது, கனத்தது. ஏறத்தாழ 80 கிராம். பிடில் வில் நீண்டது, இலேசானது; ஏறத்தாழ 60 கிராம். செல்லோவில் தந்தி செங்குத்தாக நிற்றலின், வில்லின் எடை தானே தந்தியின்மேல் இறங்குவதில்லை. தோளின் பாரத்தை வாசிப்போரே பக்கவாட்டிற் செலுத்தல் வேண்டும். அப்பழக்கத்தோடு பிடிலில் வில்லை வைத்தாற் சிறு தந்தி நசுங்கிக் கரகரக்கும். ஆதலின் செல்லோ வல்லார்க்கு முதற்கண் சொல்ல வேண்டுவது, கையை இலேசாக்குக என்பதே. சுரக்குறிகளை எழுதும் கோட்டின் தொடக்கக்குறியும் வேறு. அது சில வாரப் பயிற்சியில் அடங்கும்.

இத்துணையும் மேனாட்டு முறையைப் பற்றியது. கீர்த்தனைக்கு வேண்டுவதோ தென்னாட்டு முறை. அது இங்கு வேரூன்றிய வரலாற்றில் எட்டயபுரத்திற்குப் பெரும் பங்குண்டு. இக்காலத்துத் தூத்துக்குடி மாவட்டத்தில் நாகலாபுரமும் எட்டயபுரமும் ஒரே கரிசல் வெளியில் அமைந்த அண்டை ஊர்கள் என்பது யாவரும் அறிந்ததே.

முத்துஸ்வாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுஸ்வாமி தீட்சிதர் 1786இற் பிறந்தவர். வீணை முதலிய கருவிகளில் வல்லவர். சென்னையை அடுத்த மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இவர் குடும்பம் வாழ்ந்த காலத்தில், ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியமும் பிடிலும் இவர் செவிக்கு எட்டின. அவ்வாதரவாலேயே ஐரோப்பிய ஆசிரியர் ஒருவரிடம் மூன்று ஆண்டு பிடில் பயின்றார் என்பர். மேனாட்டு மெட்டுகட்கு இவர் தமையனார் வடமொழிச் சொல்லமைத்துச் செய்த நோட்டுஸ்வரப் பாடல்கள் இன்றும் பாடப்படுகின்றன. பாலுஸ்வாமி தீட்சிதர் 1824இல் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக அமர்ந்தார். 1859இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். முத்துஸ்வாமி தீட்சிதர் 1835இல் இறுதி எய்தியதும் அவ்வூரிலேதான்.

தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும் பிடிலை நம் இசைக்கு உரியதாக்கிய முன்னோருள் ஒருவர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தத்தாற் செய்த பிடில் ஒன்றைப் பரிசளித்தார். வடிவேலு நம் மிஷன் தந்தையாகிய சுவார்ச்சு ஐயரிடம் பிடில் கற்றார் என ஒரு கூற்று வழங்குகின்றது. கேட்க இனிதாயினும் அது பொருந்தாது. ஐயர் 1798இல் தஞ்சையில் உயிர் துறந்தார். வடிவேலு பிறந்ததோ 1810இல்.

பாலுஸ்வாமி தீட்சிதரை ஈண்டுச் சிறப்பாக நினைத்தல் எற்றுக்கெனின், அவரும் முன்னரே ஒரு தந்திக் கருவியிற் கை முதிர்ந்து பின்னர்ப் பிடிலுக்கு வந்தவர் என்பதனாலேயாம். வீணையில் இருபத்துநான்கு மெட்டுண்டு. சுரத்தின் இடத்தைக் கண் காணும். பிடிலில் அத்துணை இல்லை. வீணையில் விரலால் மீட்டிய ஒலி சிறிது சிறிதாக அடங்கும். வில்லோ ஒலியை வேண்டுமளவும் நீட்டும். ஆனால் கமகம் என்னும் அசைவு வீணை வல்லார் விரலில் ஊறியது. தந்திகளைச் சட்ஜமும் பஞ்சமமுமாக மாறி மாறிச் சேர்த்தலும் அவர்க்கு இயல்பு. தென்னாட்டுப் பிடிலின் தந்திகளும் தடித்ததினின்று ச, ப, ச, ப என்றே சேர்க்கப்படுகின்றன. ஆக, வீணை வல்லார் கமகத்தை உடையராய் வில்லைத் தேடி வந்தனர். செல்லோ வல்லார் வில்லை உடையராய்க் கமகத்தைத் தேடி வருகின்றனர்.

இனி எம் கருத்தினைச் சொல்லுதும். செல்லோ பயின்றோர்க்கு மேனாட்டுப் பிடிலினும் தென்னாட்டுப் பிடிலே நெருங்கிய உறவு. மேனாட்டார் நின்றுகொண்டு மோவாயாலும் தோளாலும் பிடிலைப் பற்றுவர். நம் வித்துவான்களோ தரையில் அமர்ந்து, பிடிலின் அடியை இடப்புறத்து மார்பிலும், தலைச்சுருளை வலப்பாதத்தின்மேலும் ஊன்றுவர். கருவி இரண்டு இடத்தில் ஊன்றி நிற்றலின் இடக்கை அதனைத் தாங்க வேண்டுவதில்லை. தந்தியின்மேல் மேலும் கீழும் தடையின்றி ஓடும். செல்லோவிலும் இஃது அவ்வாறே. கருவியைத் தரையும் முழங்காலும் மார்பும் தாங்க, இடக்கை முழுவதும் சுரத்திற்கே உரியதாகின்றது. மேலும், செல்லோவின் தந்தி நீண்டதாதலின் விரலை வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு வாசித்தல் அரிது. கை முழுவதும் தந்தி நெடுகச் சறுக்கி இடம் பெயர்ந்தே ஆகவேண்டும். தென்னாட்டுப் பிடிலின் கமகமும் பெரும்பாலும் இச்சறுக்கலால் ஆவதே. நம் வித்துவான்கள் சுட்டுவிரலாலும் நடுவிரலாலுமே பெரும்பகுதியை வாசித்துவிடுதலின், மேலே சொன்ன சுண்டுவிரல் வழக்கும் பாதி தணிகின்றது.

எனினும் இரண்டு இடர்கள் எஞ்சும். செல்லோவிற் சுரம் ஏற ஏறக் கை தரையை நோக்கி இறங்கும். தென்னாட்டுப் பிடிலிலோ சுரம் ஏற ஏறக் கை மார்பை நோக்கி ஏறும். முதல் வாரங்களில் ஆரோகணமும் அவரோகணமும் தலைகீழாய்த் தோன்றும். மற்றொன்று, நடுவிலுள்ள இரண்டு தந்திகட்கு இடையே பஞ்சமம் இல்லை, மத்திமமே உண்டு. ஏனெனிற் பஞ்சமத்தினின்று மேற்சட்ஜத்திற்கு உள்ள தொலைவு அதுவே. பழகிய விரல் அந்தத் தந்தி மாற்றத்தில் ஒரு முழுச்சுரம் இடறும். சரளி வரிசையை மெதுவாக, வாயாற் பாடிக்கொண்டே வாசித்தல் இவ்விரண்டற்கும் மருந்தாம். வாய் ஏறும்பொழுது கையும் ஏறுகின்றதாதலின், ஒரு மாதத்திற்குள் புதிய வழியே இயற்கை எனத் தோன்றும்.

சுரக்கோட்டைக் கண்டு வாசித்துப் பழகியவர்க்குக் கமகத்தைச் செவியால் மட்டும் கற்பது மலைப்பாக இருக்கலாம். இதற்குத் துணையாகும் நூலும் எட்டயபுரத்திலேயே பிறந்தது. நம் சமயத்தினராகிய சின்னசாமி முதலியார் என்பார் தென்னாட்டு இசையை ஐரோப்பியச் சுரக்கோட்டில் எழுதி 1890ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வெளியிடலானார். அம்முயற்சிக்குத் துணைநின்றவர் பாலுஸ்வாமி தீட்சிதரின் மகள்வயிற்றுப் பேரரும் சுவிகார புத்திரருமாகிய சுப்பராம தீட்சிதர் (1839–1906). முதலியாரின் தூண்டுதலும் சமஸ்தானத்தின் பொருளுதவியும் சேர, சுப்பராம தீட்சிதர் 1904இற் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூலை எட்டயபுரத்தில் அச்சிட்டு வெளியிட்டார். தெலுங்கெழுத்தில் வந்த அந்நூலைப் பின்னர்ச் சென்னை மியூசிக் அகாடமியார் தமிழில் வெளியிட்டனர். அதிற் சுரங்களின்மேல் ஒவ்வொரு கமகத்திற்கும் தனிக்குறி இடப்பட்டுள்ளது. குறி கண்டு வாசிக்கும் கண்ணுடையார்க்கு அது நல்ல பாலம். ஆயினும் குறி காட்டுவது வழியையே. நடை காட்டுவார் ஆசிரியர்.

செல்லோ நம் நாட்டு இராகங்கட்கு முற்றும் அயலானதன்று என்பதற்கு ஒரு சான்று கூறுதும். நான்சி லெஷ் என்னும் அமெரிக்க அம்மையார், ருத்திர வீணை வல்லாராகிய ஜியா மொஹியுத்தீன் தாகரிடம் துருபத இசையைச் செல்லோவிலேயே பயின்று, தரையில் அமர்ந்து வாசித்துப் புகழ்பெற்றார். வீணையார் ஒருவரே செல்லோவிற்கும் ஆசிரியராயினமை கருதத்தக்கது. அங்ஙனமாயின் செல்லோவிலேயே கீர்த்தனை வாசிக்கலாகாதோ எனின், ஆகும். ஆண்குரலுக்கு அது மிக இசையும். ஆனால் பெண்களும் பிள்ளைகளும் நிறைந்த சபையின் பாட்டிற்குப் பிடிலின் குரலே அணித்தாய் நிற்பது. பேருந்தின் இடரை முன்னரே கூறினோம்.

கரிசற் சீமையிற் பிடில் வைத்திருப்போர் அறியவேண்டுவது இன்னும் ஒன்றுண்டு. சித்திரை வைகாசியில் வறண்ட காற்று வீசுங்கால் மரம் ஈரம் வற்றிச் சுருங்கும். பிருடை தளர்ந்து, சேர்த்த சுருதி பாட்டின் நடுவே இறங்கிவிடும். பிருடையிற் சிறிது வெண்கட்டித் தூளைத் தடவினாற் பிடிப்பு உண்டாகும். ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் ஈரம் உண்டு பருக்க, அதே பிருடை இறுகித் திரும்ப மறுக்கும். அப்பொழுது உலர்ந்த சோப்புத் துண்டை ஒரு முறை தேய்த்தல் போதும். வாசித்து முடித்தவுடன் வில்லைத் தளர்த்தி, தந்தியின்மேற் படிந்த ரோசின் பொடியை மெல்லிய துணியால் துடைத்து, பிடிலைப் பெட்டியில் வைத்தல் வேண்டும். பெட்டியை ஓட்டுக்கூரையின் அடியிலுள்ள பரணில் ஏற்றுதல் ஆகாது. நண்பகலில் அங்கு எழும் வெம்மையிற் பிடிலை ஒட்டிய பசை இளகிவிடும்.