தொப்பை குறைய கொழுப்பைக் கூட்டலாமா?

'பேலியோ', 'கீட்டோ' என்ற பெயர்கள் இன்று நம் வலீமா விருந்துகளில்கூடக் காதில் விழுகின்றன. சோற்றை ஒதுக்கிவிட்டுக் கறியை மட்டும் சாப்பிடுபவர்களைப் பார்க்கிறோம். மாவுச்சத்தைக் குறைத்து, கொழுப்பைக் கூட்டினால் தொப்பை குறையுமா?

இது புதிய யோசனை அல்ல. லண்டனைச் சேர்ந்த வில்லியம் பாண்டிங், ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு முதலியவற்றைக் கைவிட்டு, இடுப்புச் சுற்றளவில் 12 அங்குலம் குறைத்த அனுபவத்தை 1863இல் நூலாக வெளியிட்டார். தமிழில் இதைப் பரவலாக்கியவர் நியாண்டர் செல்வன்.

சோறு, இட்லி, பரோட்டா எல்லாம் செரித்து குளுக்கோஸாக மாறுகின்றன. உடனே கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. செலவழிக்காத குளுக்கோஸ் கொழுப்பாகச் சேர்கிறது. மாவுச்சத்தைக் குறைத்தால் இன்சுலினும் குறைந்து, சேமிப்பிலுள்ள கொழுப்பை உடல் எடுத்துச் செலவழிக்கிறது. முட்டை, மீன், இறைச்சி சாப்பிட்டால் சீக்கிரம் பசிக்காது. ஆனால், முதல் வாரங்களில் சட்டென இறங்கும் எடையில் பெரும்பகுதி நீர்தான்.

சென்னை கோபாலபுரத்தில் டாக்டர் வி. மோகன் தலைமையிலான நீரிழிவு ஆய்வு மையம் நகரவாசிகளின் உணவை ஆராய்ந்தது. அவர்களின் கலோரிகளில் ஏறத்தாழ பாதி, தீட்டிய தானியங்களிலிருந்தே வந்தது. அதில் பெரும்பங்கு வெள்ளை அரிசி. மயிலாப்பூர் இட்லியும் தி.நகர் மதியச் சாப்பாடும் அடையாறு இரவு பரோட்டாவும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன.

இம்மையமும் ஐ.சி.எம்.ஆரும் 18,090 பேரின் தரவுகளைக் கொண்டு 2022இல் வெளியிட்ட ஆய்வு, நீரிழிவுக்காரர்கள் மாவுச்சத்தை 49 முதல் 54 சதவீதமாகக் குறைத்து, புரதத்தை 20 சதவீதம் அளவுக்கு உயர்த்தினாலே நல்ல பலன் கிடைக்கும் என்று கணக்கிட்டது. சோற்றை அறவே ஒழிக்க வேண்டியதில்லை.

நம்மில் பலர் தவறுவது ஓரிடத்தில்தான். சோற்றைக் குறைக்காமல் கொழுப்பை மட்டும் கூட்டுகிறோம். நெய் வழியும் பிரியாணி பேலியோ ஆகாது. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, கொழுப்பிலோ 9. இரண்டும் சேர்ந்தால் தொப்பை வளரத்தான் செய்யும்.

எச்சரிக்கை: இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றை நிறுத்தினால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். தாமாகவே மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்தே. சிறுநீரக நோயாளிகளும் கர்ப்பிணிகளும் இதைத் தாமாகத் தொடங்கக் கூடாது. கொலஸ்ட்ராலையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

எடைக்கருவியை மட்டும் நம்பாதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்டபின் டேப்பை வைத்து அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினால் கவனம் தேவை.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் ஒதுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள் (திர்மிதி). எந்த உணவுமுறையைத் தேர்ந்தாலும் இந்த அளவைப் பேணுவோம். உடலும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்தானே! அதைக் காக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக!